விதை கைக்குத் திரும்பும்வரை: சின்னப் பிள்ளைகளுக்கு உயிர்களின் வாழ்க்கைச் சுழற்சியைக் காட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

பஞ்சில் பயறு முளைக்கவைத்துக் கொண்டுவா என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி அனுப்புவார்கள். வீட்டில் ஒரு கிண்ணத்தில் பஞ்சை நனைத்து நாலு பயறு போடுவோம். மூன்றாம் நாள் வெள்ளையாக வால் நீட்டும். பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு போய் டீச்சரிடம் காட்டிப் பாராட்டு வாங்கி வரும். வாரக் கடைசியில் கிண்ணம் குப்பைக்குப் போய்விடும். தொடக்கப்பள்ளியில் வேலை பார்த்த காலத்தில் நானும் பல வருடம் இப்படித்தான் நடத்தினேன். ஒருநாள் இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம், "பயறு எங்கேயிருந்து வருது?" என்று கேட்டேன். "மளிகைக் கடையில இருந்து டீச்சர்" என்றது. நன்றாக முளைக்கவைத்துக் கொண்டுவந்த பிள்ளைதான்.

அன்றைக்குப் புரிந்தது. முளையோடு நிறுத்திவிட்டால் பிள்ளைக்குத் தெரிவது பாதிக் கதைதான். போட்ட பயறு செடியாகி, பூத்து, காய்த்து, காய்ந்து, அதே மாதிரிப் பயறாகப் பிள்ளையின் உள்ளங்கைக்குத் திரும்பி வரவேண்டும். அதுவரை கூட இருந்தால்தான் சுழற்சி என்ற சொல்லுக்குப் பொருள் பிடிபடும். இப்போது செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் பேரப்பிள்ளைகளையும் தெருப் பிள்ளைகளையும் திண்ணையில் உட்காரவைத்து நான் செய்வதை முதலிலிருந்து எழுதுகிறேன். மூன்று வயதிலிருந்து எட்டு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு இது பொருந்தும். ஆடியில் தொடங்கினால் தை வரைக்கும் ஓடும். காசு அதிகம் ஆகாது, பொறுமைதான் வேண்டும்.

முதல் படி: விதைக்கு உயிர் இருக்கிறதா?

சின்னப் பிள்ளைகள் நிறையப் பேர் விதையைக் கல் மாதிரி உயிரில்லாத பொருள் என்றே நினைக்கிறார்கள். அதை வாயால் திருத்த முடியாது, காட்டத்தான் முடியும். சுண்டலுக்கு ஊறப்போடும் தட்டைப்பயற்றில் பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தை அவித்துவிடுங்கள், ஐந்தை அப்படியே வையுங்கள். இரண்டையும் தனித்தனி ஈரத்துணியில் முடிந்து, எது எது என்று அடையாளம் போட்டு வைத்துவிடுங்கள். இரண்டாம் மூன்றாம் நாளில் ஒரு முடிச்சு முளைவிடும், இன்னொன்று ஊசிப்போய் நாறும். வேறு விளக்கம் தேவையில்லை.

பெரிய பிள்ளைகளாக இருந்தால் கூடவே நெல்லையும் தீட்டிய அரிசியையும் ஊறவைக்கலாம். நெல் முளைக்கும். அரிசி முளைக்காது, தீட்டும்போது முளைக்கரு தவிட்டோடு போய்விடுகிறது. முளைத்த நெல்லைப் பார்த்த பிறகு, தட்டில் இருக்கிற சோற்றைப் பிள்ளை பார்க்கும் பார்வை மாறும்.

இரண்டாம் படி: கண்ணாடித் தம்ளர்

மண்ணுக்குள் நடப்பதைப் பிள்ளையால் பார்க்க முடியாது. அதனால் நடுவதற்கு முன் ஒரு கண்ணாடித் தம்ளருக்குள் ஈரமான செய்தித்தாளைச் சுருட்டி வைத்து, தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே மூன்று தட்டைப்பயறு செருகுங்கள். தாள் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தண்ணீரில் மிதக்கவும் விடாதீர்கள். வேர்தான் முதலில் வெளியே வரும், அதுவும் கீழ்நோக்கி. வேர் ஒரு விரற்கடை நீண்டதும் தம்ளரைப் படுக்கவைத்துவிட்டு மறுநாள் பாருங்கள். வேர் மறுபடியும் கீழே வளைந்திருக்கும். "அதுக்குக் கண்ணு இருக்கா அப்பத்தா?" என்று என் பேத்தி கேட்டாள். இல்லை, பூமி இழுப்பதை வேர் நுனி உணர்கிறது என்று சொன்னேன். ஐந்து வயதுக்கு அது போதும்.

அப்புறம் தண்டு கொக்கி மாதிரிக் குனிந்துகொண்டு வெளியே வரும். பயற்றின் இரண்டு பருப்புகளையும் கூடவே தூக்கிக்கொண்டு வந்து நிமிரும். இந்தப் பருப்புகளை நான் கட்டுச்சோறு என்று சொல்லிக்கொடுப்பேன். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்கள் முதல் நாளுக்குக் கட்டிக்கொண்டு போவார்களே, அதே மாதிரி. சொந்தமாக இலை விட்டுச் சமைக்கத் தொடங்கும்வரை செடி இதைத்தான் சாப்பிடும். தீர்ந்ததும் பருப்பு சுருங்கி உதிர்ந்துவிடும். பஞ்சில் முளைத்த பயறு கொஞ்ச நாளில் வதங்குவதும் இதனால்தான்: சோறு தீர்ந்தது, மண் கிடைக்கவில்லை.

முளைப்பாரி பார்த்த பிள்ளைகளுக்கு இன்னொன்றும் காட்டலாம். மாசி பங்குனியில் அம்மன் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போகிற முளைப்பாரி ஏன் வெளிர்மஞ்சளாக, நெடுநெடுவென்று இருக்கிறது? அதை இருட்டில் வளர்ப்பதால்தான். ஒரு தம்ளரைக் கூடை போட்டு மூடுங்கள், இன்னொன்றை முற்றத்து வெளிச்சத்தில் வையுங்கள். ஒரு வாரம் கழித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வெளிச்சம் செடிக்கு என்ன செய்கிறது என்று தெரிந்துவிடும். பிறகு மூடியதைத் திறந்து வெயிலில் வைத்தால் மஞ்சள் பச்சையாவதையும் பார்க்கலாம்.

மூன்றாம் படி: மண்ணில் இறக்குவது

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். தட்டைப்பயற்றைப் பொறுத்தவரை நம் பக்கத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆடியில் போட்டால் ஏறக்குறைய 75, 80 நாளில், புரட்டாசியில், நெற்று (முற்றிய காய்) காய்ந்துவிடும். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் விதை கைக்கு வந்துவிடும். நேரம் தவறினால் நெற்று மழையில் நனைந்து செடியிலேயே பூஞ்சணம் பிடித்துவிடும்.

தட்டைப்பயற்றை நான் வேண்டியேதான் தேர்ந்தெடுத்தேன். ஒரே பூவுக்குள்ளேயே மகரந்தச் சேர்க்கை நடந்துவிடும். ஒற்றைச் செடி இருந்தாலும் காய்க்கும், காத்திருந்த பிள்ளை ஏமாறாது.

ஓட்டை போட்ட பழைய வாளி போதும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய சாணி உரம் ஒரு பங்கு. ஒரு விரற்கடை ஆழத்தில் விதை, ஒரு சாண் இடைவெளி. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி வாளியில் ஐந்தாறு விதை கொடுங்கள். ஒன்றிரண்டு முளைக்காமல் போனாலும், கோழி கிளறிவிட்டாலும் மிச்சம் இருக்கும். தண்ணீர் ஊற்றுவதும் பிள்ளையின் வேலைதான். ஒருநாள் மறந்து செடி வாடினால் பதறாதீர்கள். சாயங்காலம் தண்ணீர் விட்டதும் நிமிர்வதை அது பார்க்கட்டும்.

உயரத்தை எண்ணில் எழுதச் சொன்னால் சின்னதுகளுக்கு ஒட்டாது. கொட்டான் (பனையோலைக் கூடை) முடைகிற வீடுகளில் மிச்ச ஓலை கிடைக்கும். வாரத்துக்கு ஒருநாள், செடியின் உயரத்துக்கு ஓர் ஓலைக்கீற்றை நறுக்கி, அட்டையில் வரிசையாக ஒட்டுங்கள். ஆறு வாரத்தில் அதுவே படிக்கட்டு மாதிரி ஏறும். சுவரில் மட்டும் கோடு போடவிடாதீர்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துச் சுண்ணாம்பு பூசிய நம் பழைய செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் கரிக்கோடு விழுந்தால் எளிதில் போகாது.

நான்காம் படி: ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு சொல்

இந்த இடத்தில் தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு பெரிய சொத்து கைவசம் இருக்கிறது. இலைக்கே கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று ஐந்து பெயர். பூவுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று போய், விழுந்த பூவுக்கு வீ, வாடிய பூவுக்குச் செம்மல் வரை பெயர் உண்டு. காய்க்குப் பூம்பிஞ்சு, பிஞ்சு, காய், கனி. மாம்பிஞ்சு வடு, பலாப்பிஞ்சு மூசு, தென்னம்பிஞ்சு குரும்பை. இளசுகளுக்கும் அப்படித்தான்: நெல்லுக்கு நாற்று, மாவுக்குக் கன்று, தென்னைக்குப் பிள்ளை, பனைக்கு வடலி. நம் முன்னோர் செடியின் வாழ்க்கையை நின்று நிதானமாகப் பார்த்திருக்கிறார்கள்.

பாடமாக ஒப்பிக்கவைக்காதீர்கள். அந்தப் பருவம் கண்முன் வரும் நாளில் அந்தச் சொல்லைக் கொடுங்கள். தோட்டத்தில் எந்த மரமாவது இருந்தால் ஒரே கிளையில் கொழுந்திலிருந்து சருகுவரை ஐந்தையும் பறித்து வரச் சொல்லி, திண்ணையில் வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள். மூன்று வயதுக் குழந்தைகூட அடுக்கிவிடும். அடுக்கி முடித்ததும் சருகை வாளி மண்ணில் புதைத்து, ஒரு குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

ஆறேழு வாரத்தில் தட்டைப்பயறு பூக்கும். விடிகாலையில் விரிந்து மதியத்துக்குள் வாடிவிடும், அதனால் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் முன் காட்டிவிடவேண்டும். எறும்பு ஏறும், அடித்து விரட்டாதீர்கள். பூக்காம்பின் பக்கத்தில் செடியே தேன் சுரந்து எறும்பை வரவழைக்கிறது. சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அடைந்தால் சில நாளில் பொறிவண்டு தேடி வரும். அதன் குஞ்சு வண்டு மாதிரியே இருக்காது, குட்டி முதலை மாதிரி இருக்கும். செடி பார்க்கப் போன இடத்தில் இலவசமாக ஒரு பூச்சியின் வாழ்க்கையும் கிடைக்கிறது. பூச்சிமருந்து அடித்தால் இத்தனையும் போய்விடும்.

ஆண்பூ பெண்பூ காட்ட பரங்கிதான் நல்லது. புரட்டாசிக் கடைசியில் கொல்லையில் இரண்டு விதை ஊன்றினால் மார்கழிக்குப் பூக்கும். பூவுக்குக் கீழே குட்டிக் காய் இருந்தால் பெண்பூ, வெறும் காம்பு மட்டும் இருந்தால் ஆண்பூ. மார்கழிக் கோலத்தில் சாணிப் பிள்ளையாருக்கு வைக்க ஆண்பூவாகப் பார்த்துப் பறித்துவரச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் காலையில் ஆண்பூவின் மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் பிள்ளையே தொட்டுவைக்கட்டும். ஒரு பெண்பூவுக்குத் துணி கட்டி மூடி, மகரந்தம் சேராமல் விட்டுவிடுங்கள். அதன் பிஞ்சு மஞ்சளித்து விழும், மற்றது பருக்கும்.

ஐந்தாம் படி: கறிவேப்பிலை மரத்துப் புழு

பட்டாம்பூச்சிக்கு எங்கேயும் அலைய வேண்டாம். கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை இந்த மூன்றில் ஏதாவது ஒன்று வீட்டில் இருக்கும். கொழுந்து இலைகளில் கடுகைவிடச் சின்னதாக, வெளிர்மஞ்சள் உருண்டையாக, தனித்தனியாக முட்டை இருக்கும். மூன்று நான்கு நாளில் பொரியும். குட்டிப் புழு பறவை எச்சம் மாதிரி பழுப்பும் வெள்ளையுமாக இருக்கும். பறவை ஏமாந்து விட்டுவிடட்டும் என்றுதான் அந்த வேஷம். கடைசியாகத் தோலுரித்தபின் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னால் செம்மஞ்சள் நிறத்தில் கவட்டைக் கொம்பு நீட்டி ஒரு வாடை விடும். பிள்ளைகள் இதற்காகவே பத்துத் தடவை தொடுவார்கள். ஒரு தடவையோடு நிறுத்தச் சொல்லுங்கள், புழுவுக்கு அது தொல்லை.

வளர்க்க இரண்டு புழு போதும். மருந்து அடிக்காத மரத்திலிருந்து இலைக்கொத்தை ஒடித்து, சின்னத் தண்ணீர்ப் புட்டியில் செருகி, புழு உள்ளே விழாமல் புட்டி வாயைப் பஞ்சால் அடையுங்கள். அதைக் கூடைக்குள் வைத்து மேலே கொசுவலைத் துணி கட்டுங்கள். தினமும் புது இலை, தினமும் எச்சம் துடைப்பது. எந்த மரத்திலிருந்து எடுத்தீர்களோ அதே இலைதான் கொடுக்கவேண்டும்.

இரண்டு வாரத்துக்குப் பிறகு ஒருநாள் தின்பதை நிறுத்திவிட்டு அங்குமிங்கும் அலையும். உள்ளே ஒரு குச்சியைச் சாய்த்து வையுங்கள். குச்சியில் பட்டு நூலால் இடுப்புக்கயிறு கட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும். பட்டாம்பூச்சிப் புழு கூடு கட்டிக்கொண்டு உள்ளே போகிறது என்றுதான் பலரும் சொல்லிக்கொடுக்கிறோம், அது சரியில்லை. பட்டுப்புழு கட்டும். இது கட்டுவதில்லை, கடைசித் தோலை உரித்ததும் உள்ளே இருப்பதே கூட்டுப்புழு. முடிந்தால் அந்த உரிப்பைப் பிள்ளையோடு பாருங்கள்.

ஏறக்குறைய பத்து நாளில், பெரும்பாலும் காலை வேளையில், பூச்சி வெளியே வரும். இறக்கை நனைந்த துணி மாதிரி சுருங்கியிருக்கும். தொங்கிக்கொண்டே விரித்துக் காயவைக்க ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். சிவப்பாகக் கொஞ்சம் நீர் சொட்டும், அது இரத்தமில்லை, கழிவு. உதவி செய்கிறேன் என்று பிரித்துவிட்டால் இறக்கை கோணலாகி ஒருநாளும் பறக்காது. காய்ந்ததும் கூடையை அதே மரத்துக்குப் பக்கத்தில் வைத்துத் திறந்துவிடுங்கள். முட்டை போட அது வரவேண்டிய இடம் அதுதான்.

ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒரு வருடம் எங்கள் கூட்டுப்புழுவிலிருந்து பட்டாம்பூச்சிக்குப் பதிலாகக் குட்டிக் குளவிகள் வந்தன. புழுவுக்குள் குளவி முட்டையிட்டிருக்கிறது. பேத்தி அழுதுவிட்டாள். "குளவி கெட்டதா அப்பத்தா?" என்றாள். "அதுக்கும் பிள்ளை இருக்குல்ல கண்ணு" என்றேன். ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தாள். நடந்ததை மறைத்து, பூச்சி பறந்துபோய்விட்டது என்று சொல்லியிருந்தால் அந்த யோசனை அவளுக்குக் கிடைத்திருக்காது.

மயிருள்ள கம்பளிப்பூச்சியைத் தொடவிடாதீர்கள், முருங்கையில் அடைஅடையாக இருக்குமே, அது தடித்துப்போகும் அளவுக்கு அரிக்கும். எருக்கில் கருப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வரிபோட்ட புழு இருக்கும், பார்க்க அழகு. ஆனால் எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து, பெரியவர்கள் மட்டும் இலையைத் தொடுங்கள்.

ஆறாம் படி: மழை வந்தபின்

ஐப்பசி மழையில் ஊருணி நிறைந்ததும் தவளைச் சத்தம் ஊரைத் தூக்கும். கூப்பிடுவது ஆண் தவளை. ஓரத்து ஆழமில்லாத தண்ணீரில் முட்டை இருக்கும். கொத்தாகவோ பரப்பாகவோ இருந்தால் தவளை, நீளமாகக் கறுப்பு மணி கோத்த சரம் மாதிரி இருந்தால் தேரை. வீட்டுக்கு அள்ளி வராதீர்கள். வாரம் ஒருமுறை அதே படிக்கட்டுக்குப் போய்ப் பார்ப்பதுதான் நல்லது. தலைப்பிரட்டைக்கு முதலில் பின்னங்கால், அப்புறம் முன்னங்கால், கடைசியில் வால் சுருங்கும். வால் அறுந்து விழுவதில்லை, உடம்புக்குள்ளேயே கரைகிறது. ஒரு பெரியவருக்கு இரண்டு பிள்ளைக்கு மேல் கூட்டிப்போகாதீர்கள், கையைப் பிடித்தபடியே நிற்கவேண்டும். மழைக்காலத்தில் ஊருணிப் படியில் பாசி வழுக்கும்.

முற்றத்தில் கூரைத்தண்ணீர் பிடித்த அண்டாவில் நெளிகிற புழுவும் ஒரு பாடம். நாலைந்தை ஒரு பாட்டிலில் எடுத்து வாயைத் துணியால் இறுக்கிக் கட்டுங்கள். நெளியும் புழு சில நாளில் கமா வடிவில் சுருண்டு உருளும் கூட்டுப்புழு ஆகும். அந்தக் கட்டத்தில் காய்ந்த தரையில் கொட்டிவிடுங்கள், கொசுவாக விடக்கூடாது. அண்டாவையும் வாரத்துக்கு ஒருமுறை கவிழ்த்துத் தேய்க்கவேண்டும். டெங்கு எங்கே பிறக்கிறது என்று பிள்ளையே தெருவுக்குச் சொல்லும்.

கார்த்திகையிலிருந்து தைக்குள் ஒருநாள் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிக்குப் போய்வாருங்கள். 1977-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்த கண்மாய்கள். அதை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில், குஞ்சுகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அங்கே நத்தைகுத்தி நாரையின் அலகைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரிய பறவைக்கு அலகு நடுவில் சந்து விட்டிருக்கும். குஞ்சு பிறக்கும்போது அந்தச் சந்து கிடையாது, வளர வளரத்தான் வரும்.

ஏழாம் படி: அடைக்கோழி

வீட்டில் கோழி இருந்தால் இதைவிட எளிதானது இல்லை. நாள்காட்டியில் 21 நாளுக்கு வட்டம் போட்டு, தினமும் ஒன்றை அடிக்கச் சொல்லுங்கள். ஏழாம் நாள், கோழி இரைக்கு இறங்கும் நேரமாகப் பார்த்து, இருட்டறையில் முட்டைக்கு அடியில் டார்ச் அடித்தால் சிவப்பு நூல் மாதிரி நரம்பு ஓடுவது தெரியும். ஒன்றும் தெரியாமல் தெளிவாக இருந்தால் அது கூமுட்டை. கடையில் வாங்கும் பண்ணை முட்டை ஏன் பொரிக்காது என்று கட்டாயம் கேட்பார்கள். அந்தக் கோழிகள் சேவல் இல்லாமல் வளர்ந்தவை என்று நேராகச் சொல்லுங்கள், பரங்கிப் பெண்பூவுக்குத் துணி கட்டியதை நினைவுபடுத்துங்கள். பிள்ளை தானே இணைத்துக்கொள்ளும். பொரிக்கும் நாளில் ஓட்டை உடைத்து உதவக்கூடாது, இங்கேயும் அதே விதிதான்.

எட்டாம் படி: பனை

எல்லாச் சுழற்சியும் ஒரு பருவத்தில் முடிகிறதில்லை. ஆவணி புரட்டாசியில் விழும் பனம்பழத்தின் கொட்டையைப் பிள்ளையோடு சேர்ந்து மணலில் புதையுங்கள். தையில் பொங்கலுக்குத் தோண்டினால் கிழங்கு. கொட்டையை வெட்டினால் உள்ளே தின்னக்கூடிய வெள்ளைச் சதை இருக்கும், அதுதான் தவுன், பூரான் என்றும் சொல்வார்கள். கிழங்கை அவித்துத் தின்னும்போது, நாம் தின்பது பனையின் இளங்கன்று என்று சொல்லுங்கள். ஒரு கொட்டையை மட்டும் தோண்டாமல் விட்டுவிடுங்கள். அது ஓலை விட்டு, வடலியாகி, ஆணா பெண்ணா என்று தெரியவே பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். இப்போது ஐந்து வயதாக இருக்கும் பிள்ளை கல்லூரிக்குப் போகிற வயதில் வந்து பார்க்கவேண்டிய மரம் அது. நட்ட தேதியை எழுதிவையுங்கள்.

சாவைப் பற்றி

புரட்டாசியில் தட்டைப்பயற்றுச் செடி மஞ்சளித்துச் சாயும். பிள்ளை பயந்து தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றும். அப்போது "செடி தூங்குது" என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொல்லிக் கேட்ட பிள்ளை, தூக்கத்துக்குப் பயப்படுவதைப் பார்த்திருக்கிறேன். "அதோட காலம் முடிஞ்சுது, செத்துப்போகுது" என்று மெதுவாகச் சொல்லுங்கள், நெற்றைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் யாராவது பெரியவர் இறந்திருந்தால் பேச்சு அங்கே போகலாம். போகட்டும், தடுக்காதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள், கூட உட்கார்ந்திருங்கள். அன்றைக்கே, குச்சி நட்ட இடத்தில் புதைத்த சருகைத் தோண்டிப் பார்க்கலாம். பாதி மண்ணாகியிருக்கும்.

கடைசிப் படி: விதை எடுப்பது

நெற்று வைக்கோல் நிறமாகி, ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்கவேண்டும். பறித்து இரண்டு மூன்று நாள் வெயிலில் போட்டுப் பிள்ளையே உரிக்கட்டும். ஒரு நெற்றில் எத்தனை, மொத்தம் எத்தனை என்று எண்ணட்டும், போட்டது ஐந்தாறுதான் என்று நினைவிருக்கும். ஒரு பயற்றைக் கடித்துப் பாருங்கள். பல்லுக்குப் பதியாமல் உடைந்தால் காய்ந்துவிட்டது, பதிந்தால் இன்னும் ஒருநாள் வெயில் வேண்டும். வண்டு துளைத்ததைப் பொறுக்கிக் கழித்துவிட்டு, மிச்சத்தில் கொஞ்சம் அடுப்புச் சாம்பலும் காய்ந்த வேப்பிலையும் கலந்து துணியில் முடிந்து, மூடி போட்ட கொட்டானில் வையுங்கள். முடிச்சின்மேல் பிள்ளையின் பெயரையும் மாதத்தையும் எழுதுங்கள். ஆடி பிறந்ததும் அதை அவிழ்த்து, ஆறு விதையை அந்தப் பிள்ளைக்கும், ஆறை தெருவில் புதிதாகச் சேர்ந்த இன்னொரு பிள்ளைக்கும் கொடுங்கள். புதுப் பிள்ளைக்கு எத்தனை ஆழம், எத்தனை சாண் என்று இந்தப் பிள்ளையே சொல்லிக்கொடுக்கட்டும், நீங்கள் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருங்கள்.